பதினான்கு வளைவுகளுக்கு அறுபத்தைந்து லட்சம்

என் தங்கையின் கணவர் ராணிப்பேட்டையில் ஷூவுக்கான மேல்தோல் தைத்து ஏற்றுமதி செய்கிறவர். சென்ற ஆண்டு சிவப்பு நிறத்தில் ஒரு கார் வாங்கினார். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு கட்சி. "காட்பாடியில் ஒரு மனையை வாங்கி வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்" என்பது தங்கையின் கட்சி. மாப்பிள்ளையின் கட்சியில் மாப்பிள்ளை மட்டும்தான்.

மார்கழியில் வியாபார வேலையாக ஐந்து நாள் வெளிநாடு கிளம்பியவர் சாவியை என் கையில் வைத்தார். "சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் மச்சான், தினம் கொஞ்சம் ஓட்டிக்கொண்டிருங்கள்" என்றார். பேட்டரியின் மேல் அவருக்கு அவ்வளவு கரிசனம் கிடையாது. 'கொடுத்த பணம் தகும்' என்று குடும்பத்தில் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நாளில் 412 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இதை எழுதுகிறேன். நான் தோலுக்கு நிறமும் மெருகும் ஏற்றும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருப்பவன். சொந்தமாகப் பத்து வயது டீசல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். அதன் திறன் 75 குதிரை. என் தராசு எந்தக் கடையில் வாங்கியது என்பது தெரிந்தால்தான் நான் சொல்லும் எடையை நீங்கள் நம்பவோ தள்ளவோ முடியும்.

கதவைத் திறந்ததும் சிரித்துவிட்டேன். இருக்கை துணி! தோலால் சோறு தின்னும் குடும்பம், அரைக் கோடிக்கு மேல் கொடுத்து, கட்டம் போட்ட துணியில் உட்கார்ந்திருக்கிறது. கறுப்பு, சாம்பல், வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே மெல்லிய சிவப்புக் கோடு. எங்கள் தாத்தாவின் லுங்கி ஒன்று ஏறக்குறைய இதே கட்டத்தில் இருந்தது. ஆனால் இது சிக்கனம் இல்லையாம், பரம்பரை அடையாளமாம். எழுபதுகளில் முதல் ஜி.டி.ஐ. உருவானபோது அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளர் குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற பெண்மணி, பிரிட்டனில் பார்த்த கட்டத் துணிகளை மனத்தில் வைத்து இருக்கைக்கு இதைத் தேர்ந்தார். கியர் கம்பியின் தலையில் கோல்ஃப் பந்தை மாட்டும் யோசனையும் அவருடையதுதான். பந்து இப்போது இல்லை. கியரே விரலால் தட்டுகிற சிறு குமிழாகச் சுருங்கிவிட்டது.

தொழில் புத்தி சும்மா இருக்காதே, இருக்கையை விரலால் தடவிப் பார்த்தேன். தோல் வெட்டும்போது நாங்கள் வடுவையும் உண்ணிக் கடியையும் ஒதுக்கி வெட்டுவோம். கட்டத் துணி வெட்டுகிறவனுக்கு வேறு தலைவலி. முதுகுப் பகுதியில் இறங்கும் கோடு உட்காரும் பகுதியில் தொடர வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் கண் அங்கேயே போய் நிற்கும். இதில் பிசகவில்லை. அப்படி ஒத்து வெட்டினால் எவ்வளவு துணி வீணாகும் என்பது வெட்டு மேசையில் நின்றவனுக்குத் தெரியும். ஸ்டியரிங்கில் மட்டும் தோல் சுற்றி, சிவப்பு நூலால் தைத்திருக்கிறார்கள். மேல்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்து, நிறமிப் பூச்சு ஏற்றிய தோல். தொட்டால் இயற்கைத் தோலின் சதைப்பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வியர்வைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்க அதுதான் சரி. வேலூர்ச் சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காரின் தோல் இருக்கையில் உட்கார்ந்து எழுந்தவர்கள், அந்தத் துணியை நினைத்து நன்றி சொல்வார்கள். இந்த உண்மையை எங்கள் முதலாளி முன்னால் சொல்ல மாட்டேன்.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 265 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, முன்சக்கர இயக்கம், ஏழு வேக டி.எஸ்.ஜி. தானியங்கி கியர்பெட்டி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.9 வினாடி. உச்ச வேகம் 250. ஐந்து பேர் உட்காரலாம், பின்பெட்டி 380 லிட்டர். பெரிய தொடுதிரையை எனக்குப் பழகிக்கொள்ளப் பொறுமை இல்லை; என் பையன் பத்து நிமிடத்தில் பழகிவிட்டான். அதோடு திரை விஷயம் முடிந்தது.

மறுநாள் விடியற்காலை காந்தி நகரில் வண்டியை வெளியே எடுப்பதே ஒரு பரீட்சையாகிவிட்டது. மார்கழி அல்லவா, தெரு முழுக்க ஈரக் கோலம். எதிர்வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து நின்று என்னையே பார்த்தார். 265 குதிரைகளையும் அடக்கி, அவர் போட்ட பூசணிப் பூவைச் சுற்றி இரண்டு முறை முன்னே பின்னே போய் வந்தேன். இவ்வளவு திறன் உள்ள வண்டி அவ்வளவு பதவிசாக ஊர்ந்தது உண்மையிலேயே ஆச்சரியம். "புது மாருதியா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இது முக்கியமான சங்கதி. நம் ஊரில் அறுபது லட்சத்துக்கு மேல் ஒரு வண்டி வந்தால் அது ஆள் உயரத்துக்கு நிற்க வேண்டும்; கிரீன் சர்க்கிள் சந்திப்பில் மற்ற வண்டிகள் ஒதுங்க வேண்டும். இது 4.3 மீட்டருக்குள் அடங்கிய சின்ன வண்டி. பெட்ரோல் பங்க்கில் ஒருவர், எங்கள் ஆலையில் மூன்று பேர், சிஎம்சி மருத்துவமனை எதிரே மருந்து வாங்கப் போனபோது ஓர் ஆட்டோ ஓட்டுநர் என்று மொத்தம் ஐந்து பேர் விலை கேட்டார்கள். அவர்களாகவே ஊகித்த அதிகபட்ச விலை பதினெட்டு லட்சம். அந்தஸ்துக்காக வாங்குகிறவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

வேகத்தடைக் கதை இனி. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது வரப்பு. இந்தக் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 136 மில்லிமீட்டர். என் ஸ்விஃப்ட்டுக்கு 170. மூன்றரை சென்டிமீட்டர்தானே வித்தியாசம் என்று நினைத்தேன். சத்துவாச்சாரியில் ஒரு தெருமுனை வரப்பில் நான், மனைவி, பையன், தங்கை, தங்கை மகள் என ஐந்து பேரோடு ஏறியபோது அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், என் வயிற்றில்தான் கீறியது. திரும்பி வரும்போது பின்னால் இருந்த மூவரையும் இறக்கிவிட்டேன். வண்டியைக் கோணலாக்கி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். அந்தக் காலத்தில் மேடு வந்தால் மாட்டுவண்டியிலிருந்து எல்லோரும் இறங்கி நடப்பார்களே, அதே காட்சி. தங்கை நடந்துகொண்டே, "அண்ணா, அறுபத்தைந்து லட்சம் கொடுத்து நடக்க வைத்தவர் உங்கள் மாப்பிள்ளைதான்" என்றாள்.

டயரும் மெலிந்தது. 225/40, 18 அங்குலம் என்றால், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவர் 90 மில்லிமீட்டர். என் வண்டியின் 165/80 டயரில் அது 132. பள்ளத்தை ரப்பர் விழுங்குவதற்குள் ரிம்முக்குச் சேதி போய்விடும். ஆகவே ஊருக்குள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க முடியாது. எடுக்கக் கூடாது என்பதும் உண்மைதான்.

நெடுஞ்சாலையில் என்ன ஆனது? பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஒருமுறை முழுதாக மிதித்தேன். முதுகு இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. கட்டத் துணி எதற்கு என்று அப்போது புரிந்தது, தோலாக இருந்தால் வழுக்கியிருக்கும். ஆறு எண்ணுவதற்குள் சட்டம் முடிந்துவிட்டது. இந்த நெடுஞ்சாலையில் காருக்கு உச்சவரம்பே 100 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் இருக்கும் நூற்றைம்பதுக்கு ஆம்பூர்ச் சாலையில் வேலை இல்லை. எதிர்த் திசையில் மூன்று பேரோடு மொபெட் வருகிற சாலை இது. ஆனால் லாரியை முந்துவதில் இந்த வண்டியின் அருமை தெரிகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே முறுக்குவிசை முழுதாக வந்துவிடுவதால், இடைவெளி தெரிந்த கணம் போய்விடலாம். லாரிக்கு இணையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த நீண்ட அவஸ்தை இல்லை. என் ஸ்விஃப்ட்டில் நான் பின்வாங்கும் இடங்களில் எல்லாம் இது பத்திரமாகக் கடந்தது. வேகத்தைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் அங்கே அப்படித்தான் இருந்தது.

வாணியம்பாடியில் திரும்பி, பொன்னேரி வந்து, ஏலகிரி மலையடிவாரத்தில் நின்றபோது மணி ஆறே முக்கால். பாலாற்றுப் பக்கம் விட்டு வந்த பனி இங்கே மரங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டார் யாரும் இல்லை. இந்தப் பயணத்துக்கு நான் தனி. இந்த மலைப்பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்களைத் தாண்டிப் போனால் பாரி, காரி, ஓரி, அதியமான், பேகன் என்று வள்ளல்கள் வருவார்கள். பரிசில் வாங்கப் போவது போலத்தான் ஏற வேண்டும்.

இரண்டாவது வளைவில் இந்தக் காரைப் பற்றிய என் எண்ணம் மாறியது. கொண்டையூசியில் திரும்பும்போது வண்டியின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்துவிடும். உள்பக்கச் சக்கரம் தரையில் பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்சக்கர இயக்கமுள்ள சாதாரண வண்டியில் அந்த நேரம் மிதித்தால் உள்சக்கரம் வெறுமனே சுழலும், மூக்கு வெளிப்பக்கம் ஓடும், நாம் பயந்து காலை எடுப்போம். ஸ்விஃப்ட்டில் இருபது முறையாவது எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. இந்தக் காரின் முன் அச்சில், மின்னணுக் கட்டுப்பாட்டில் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் இருக்கிறது; இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் பல்சக்கர அமைப்பு அது. உள்சக்கரத்தில் வீணாகப் போகிற விசையை அது வெளிச்சக்கரத்துக்குத் தள்ளிவிடுகிறது. மறுபடியும் மாட்டுவண்டிதான் நினைவுக்கு வருகிறது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வண்டிக்காரர் வலத்து மாட்டைத்தான் அதட்டுவார். அது ஓர் எட்டு கூடுதலாக வைக்க, நுகம் தானாகத் திரும்பும். அதேதான். வளைவின் நடுவில் மிதிக்க மிதிக்க மூக்கு உள்ளே வருகிறது. முதல் முறை கை நம்பவில்லை. கம்பர் வளைவில்தான் நம்பியது.

கியர்பெட்டியில் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. மூன்றில் ஓடும்போதே இரண்டோ நான்கோ பல் கோத்துக் காத்திருக்கும். வளைவுக்கு முன் பிரேக் மிதித்து ஸ்டியரிங் பின்னால் இருக்கும் தகட்டைச் சுண்டினால், சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டாவது கியர். ஓரி வளைவில் எதிரே அரசுப் பஸ் ஒன்று முழு வளைவையும் எடுத்துக்கொண்டு இறங்கியது. நிறுத்தி வழிவிட்டேன். ஓட்டுநர் கையை உயர்த்திவிட்டுப் போனார். பிறகு நின்ற இடத்திலிருந்து, ஏற்றத்தில், ஈரச் சாலையில், ஒரு சக்கரமும் சீறாமல் கிளம்பியது வண்டி. நான் எங்குமே ஐம்பதைத் தாண்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நாற்பதில் போகிறபோதே முழு மனத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிற காரை நான் அதுவரை ஓட்டியதில்லை. மேலே போய்ச் சேர இருபது நிமிடம். புங்கனூர் ஏரிக்கரையில் ஒரு தேநீர் குடித்தேன். கைகள் லேசாக நடுங்கின. கீழே இறங்கி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னொரு முறை ஏறினேன்.

சரி, பணத்துக்கு வருவோம். 2025 மே மாதம் இது இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 53 லட்சம். விலை சொல்லும் முன்பே முதல் 150 கார்களும் முன்பதிவில் தீர்ந்தன. ஜெர்மனியில் முழுதாகக் கட்டி முடித்துக் கப்பலேறி வருகிற வண்டி. ஆகவே அந்த 53-க்குள்ளேயே சுங்க வரியும் மற்ற வரிகளும் பெரும் பங்கு. அதன் மேல் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஷோரூம் விலைக்குக் கணக்குப் போட்டாலே 10 லட்சத்து 60 ஆயிரம். காப்பீடும் பதிவும் சேர்ந்தால் 65-ஐத் தொட்டுத் தாண்டும். நம் சென்னை நெடுஞ்சாலையிலேயே, இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் இருக்கிறதே, 120 குதிரைத்திறன், அதன் ஷோரூம் விலை ஏறக்குறைய இந்த ஆயுள் வரித் தொகைதான். ஒரு காரை வரியாகக் கட்டி இன்னொரு காரை ஓட்டுகிறார் மாப்பிள்ளை.

எனக்குக் குறை இந்த இடத்தில்தான். 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் ஜி.டி.ஐ. 110 குதிரைத்திறனும் 810 கிலோ எடையும் கொண்ட எளிய வண்டி. 5,000 விற்றால் போதும் என்று ஆரம்பித்தார்கள். நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. காரணம், வாரநாளில் குழந்தைகளைப் பள்ளியில் விட்டு, மூட்டை முடிச்சு ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை மலையேறி ஆடலாம் என்ற வசதியைச் சம்பளக்காரனுக்கு எட்டுகிற விலையில் கொடுத்தது. அந்த வகைக் காரின் பிறவிக் குணமே அந்த விலைதான். கடல் தாண்டி நம் ஊருக்கு வந்ததும் அது போய்விடுகிறது. பள்ளிக்கு அனுப்ப மனம் வராது, வேகத்தடைக்கு அஞ்ச வேண்டும், கீறல் விழுந்தால் தூக்கம் வராது. ஒரே வண்டியில் எல்லா வேலையும் என்று பிறந்தது, வீட்டின் மூன்றாவது வண்டியாகி உறை போட்டுக் கிடக்கிறது. இதற்கு முன்னும் இப்படி ஒன்று நடந்தது. 2016-இல் போலோ ஜி.டி.ஐ. இங்கே 25.99 லட்சத்துக்கு வந்தது, அடுத்த ஆண்டே 19.99 லட்சத்துக்கு இறங்கியது. இப்போது அதை எங்கேனும் கண்டால் சாலையோரத்தில் நிறுத்திப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கோல்ஃபுக்கும் அந்த மதிப்பு வரலாம். வாங்கியவரின் பிள்ளைகள் காலத்தில்.

இதே 265 குதிரைத்திறன் இன்ஜினோடு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2025 அக்டோபரில் 49.99 லட்சத்துக்கு வந்தது. நூறே கார்கள். பின்பெட்டி 600 லிட்டர், நீளமான வண்டி. கொண்டையூசிக்கு எனக்குச் சின்னதுதான் பிடிக்கும். ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் அதையும் பார்த்திருக்கலாம்.

என் கணக்கு இதுதான். ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ மாதம் இரண்டு விடியற்காலை கட்டாயம் போவேன், வீட்டில் வேறு வண்டி உண்டு, கடன் இல்லாமல் வாங்க முடியும் என்ற மூன்றும் உள்ளவர் வாங்கட்டும், ஏமாற மாட்டார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். எனக்கு மூன்றும் இல்லை. ஆனாலும், கையில் வசதி இருந்தால் இந்தக் காருக்கு முப்பத்தைந்து வரை போயிருப்பேன். நான் சொல்வது எல்லாம் சேர்ந்த விலை. மீதி முப்பதை எதற்கும் எழுதிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் இரவு மாப்பிள்ளை வந்துவிட்டார். சாவியைக் கொடுத்து, தெருமுனை வரப்பையும் 'கர்ர்ர்' சத்தத்தையும் முதலில் சொன்னேன். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். பிளாஸ்டிக் காப்புத் தகட்டில் ஒரு விரல் நீளக் கீறல். "அதுதானே, போகட்டும்" என்று சொன்ன குரலில் போகட்டும் இல்லை. பிறகு மெதுவாக, "எப்படி மச்சான்?" என்றார். இரண்டு முறை ஏறியதைச் சொன்னேன். முப்பத்தைந்தைச் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்த வேகத்துக்கு 5.9 வினாடி தேவைப்படவில்லை.

கதவைத் திறந்தவர் மூக்கைச் சுருக்கினார். ஏலகிரியிலிருந்து திரும்பும்போது ஆம்பூரில் மூன்று பிரியாணிப் பொட்டலம் வாங்கிப் பின் இருக்கையில் வைத்திருந்தேன். சீரகச் சம்பா பரவாயில்லை, அதோடு தரும் கத்திரிக்காய்க் குழம்புப் பை கொஞ்சம் கசிந்துவிட்டது. துணி அல்லவா, குடித்துக்கொண்டது. துடைத்தேன், உலர்த்தினேன், புளிப்பு வாசனை மட்டும் போகவில்லை. "ஐந்து இருக்கைக்கும் தோல் போட்டுவிடு அண்ணா, உன் கையிலேயே நல்ல தோல் இருக்கிறதே" என்றாள் தங்கை. வேண்டாம், அந்தக் கட்டத் துணியைத் தொடாதே, ஒரு கிண்ணத்தில் காபித்தூள் போட்டு இரண்டு நாள் உள்ளே வைத்துக் கதவைச் சாத்து என்றேன். மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டார்.